உருளும் அடுக்களையும் உணவின் பெயரும்

உணவுக்குக் கால் முளைத்துவிட்டது. முன்பெல்லாம் உணவை நாடி மாந்தன் சென்றான். இன்றோ மாந்தனை நாடி உணவு வருகின்றது. அதுவும் அடுத்த தெருவினின்றன்று, கடல்கடந்து வருகின்றது. மெக்சிக்கோவின் தாக்கோ, கொரியாவின் கிம்ச்சி, துருக்கியின் கெபாப்பு, தமிழரின் தோசை ஆகிய யாவும் நான்கு உருளைகளின்மேல் அமைந்த அடுக்களையில் வெந்து, அலுவலகங்களின் வாயிலிலும் பூங்காக்களின் ஓரத்திலும் கல்லூரிகளின் முன்னும் நின்று விலைபோகின்றன. மேலைநாட்டு நகரங்களிற் பெருகிய இவ்வழக்கம் சென்னைக் கடற்கரைச் சாலை வரையில் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வடுக்களை வண்டியை உணவுந்து என வழங்குதல் சாலப் பொருந்தும்.

இதனை வெறும் நாச்சுவை என்று கருதி ஒதுக்குவார் உளர். இளையோர்தம் பொழுதுபோக்கு என்று நகைப்பாரும் உளர். அவ்விரு திறத்தாரும் உணராதது ஒன்றுண்டு. உணவு வண்டி ஒன்று தெருவில் வந்து நின்ற அளவிலேயே இரண்டு வினாக்கள் உடன் எழுகின்றன. தெரு யாருக்கு உரியது என்பது ஒன்று. அவ்வண்டியில் விற்கும் உணவு எம்மொழிப் பெயரால் வழங்குகின்றது என்பது மற்றொன்று. முன்னது எளியவனின் வயிற்றைப் பற்றியது; பின்னது ஓர் இனத்தின் மானத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தாலன்றி உணவுந்துகளின் பெருக்கம் நன்மையா தீமையா என்று முடிவு கூறுதல் இயலாது.

முதற்கண் அவற்றின் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டில் 1866ஆம் ஆண்டில் சார்லசு குட்நைட்டு என்னும் மாட்டுப்பண்ணையாளர், படைத்துறையின் பழைய வண்டி ஒன்றில் தட்டுகளும் பேழைகளும் பொருத்தி அதனை அடுக்களை வண்டியாக்கினார். தெக்சாசுப் புல்வெளிகளில் திங்கட்கணக்கில் மாடு ஓட்டிச் சென்ற ஆட்கட்குச் சோறிட்டது அவ்வண்டியே. 1872இல் பிராவிடன்சு நகரில் வால்ட்டர் சுகாட்டு என்பார், செய்தித்தாள் அலுவலகத்தின் முன் குதிரைவண்டியை நிறுத்தி, இரவெல்லாம் கண்விழித்து உழைக்கும் அச்சுத்தொழிலாளர்க்குச் சிற்றுண்டி விற்றார். இவ்விரண்டும் எவர்க்காகத் தோன்றின? வீடு சென்று உண்ண நேரமில்லாதவர்க்காகவும் கடைசென்று உண்ணப் பொருளில்லாதவர்க்காகவுமே தோன்றின. செல்வர்க்கு இவ்வண்டி தேவைப்படவில்லை. எனவே இது தொடக்கத்திலேயே உழைப்பாளியின் வண்டி என்பது தெளிவு.

அமெரிக்காவின் மேலைக்கரையிலுள்ள இலாசு ஏஞ்சல்சு நகரத்தின் கதை இதனினும் விளக்கமானது. அந்நிலமே முன்பு மெக்சிக்கோவிற்கு உரியதாயிருந்தது. 1848இல் போரின் முடிவில் அமெரிக்கர் கைப்பட்டது. ஆட்சி மாறியதேயன்றி அம்மக்களின் அடுப்பு மாறவில்லை. மக்காச்சோள மாவைச் சோளத்தோகையிற் பொதிந்து ஆவியில் அவித்தெடுக்கும் தமாலே என்னும் பண்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நகரத் தெருக்களில் குதிரைவண்டிகளில் வைத்து விற்றனர். அன்றைய நகரமன்றத்தார்க்கு அவ்வண்டிகள் கண்ணில் விழுந்த துரும்பாயிருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தவும் ஒழிக்கவும் பன்முறை முயன்றனர். வண்டிகளோ ஒழியவில்லை. பசி இருக்கும்வரை அடுப்பு இருக்கும் என்பதை அவர்கள் அறிந்திலர்.

தாக்கோ என்பது யாது? மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைத்து, மெல்லிய அடையாகத் தட்டிச் சுட்டு, அதன்மேல் இறைச்சியும் வெங்காயமும் கொத்துமல்லித் தழையும் மிளகாய்த் துவையலும் இட்டு மடித்துக் கையிலேந்தி உண்பது. சுண்ணாம்பு நீரில் வேகவைப்பதால் சோளத்தின் உரம் உடலிற் சேர்கின்றது. இது மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் எவர் உதவியுமின்றிக் கண்ட அறிவு. 1974இல் இரவுல் மார்த்தினேசு என்பார் பழைய பனிக்கூழ் வண்டி ஒன்றைத் தாக்கோ வண்டியாக மாற்றிக் கிழக்கு இலாசு ஏஞ்சல்சில் ஒரு மதுக்கடையின் முன் நிறுத்தினார். அது நன்கு விலைபோயிற்று. அதன்பின் அத்தகைய வண்டிகள் பெருகின. கட்டட வேலை நடக்கும் இடங்களிலும், ஆலைகளின் வாயில்களிலும், இரவு வேலை முடியும் வேளைகளிலும் அவை சென்று நின்றன. வெயிலிற் கல்சுமந்தவன் சிறுதொகைக்குத் தன் தாய்நாட்டு உணவைத் தன் தாய்மொழியிற் பெயர்சொல்லிக் கேட்டு வாங்கி உண்டான்.

இனி 2008ஆம் ஆண்டைக் கருதுக. ஒரே ஆண்டில், ஒரே நகர வட்டாரத்தில், இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டு ஏப்பிரலில் இலாசு ஏஞ்சல்சு மாவட்ட ஆட்சியவை ஒரு சட்டம் செய்தது. உணவு வண்டி ஓரிடத்தில் ஒரு மணி நேரத்திற்குமேல் நிற்றல் குற்றம்; அதற்கு ஆயிரம் தாலர் வரை தண்டமோ ஆறு திங்கள் வரை சிறையோ உண்டு என்பது அச்சட்டம். பல்லாண்டு ஓரிடத்தில் நின்று பழகிய தாக்கோ வண்டிக்காரரைக் குறிவைத்தே அது எய்யப்பட்டது. அடை சுட்டவனுக்குச் சிறை என்னும் அக்கொடுமையைக் கண்டு பொதுமக்கள் கொதித்தனர். 'சுட்ட இறைச்சி குற்றமன்று' என்னும் முழக்கத்தோடு வண்டிக்காரர் பக்கம் நின்றனர். வழக்கும் தொடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அச்சட்டம் முறைமன்றத்தில் வீழ்ந்தது. 2009இல் நகராட்சியின் அதுபோன்ற நேரக் கட்டுப்பாடும் வீழ்ந்தது.

இரண்டாம் நிகழ்ச்சி அதே 2008 நவம்பரில் நடந்தது. கொரியாவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இராய் சோய் என்னும் சமையற்கலைஞரும் அவர்தம் கூட்டாளிகளும் கோகி என்னும் உணவுந்தைத் தொடங்கினர். கொரியமுறையில் ஊறவைத்துச் சுட்ட மாட்டிறைச்சியை மெக்சிக்கரின் சோள அடையில் வைத்து இரண்டு தாலருக்கு விற்றனர். வண்டி எங்கு நிற்கும் என்பதை அன்று புதிதாயிருந்த துவிட்டர் வழியாக அறிவித்தனர். அறிவிப்பைக் கண்டு நள்ளிரவிலும் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். இதழ்கள் புகழ்ந்தன. 2010இல் நாட்டின் சிறந்த புதுச் சமையற்கலைஞருள் ஒருவராக இராய் சோய் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டுகளில் பொருளியல் வீழ்ச்சியால் பெரிய உண்டிச்சாலைகளில் வேலையிழந்த சமையற்காரர் பலரும், சிறுமுதலில் தொழில் தொடங்க விழைந்த இளையோர் பலரும் இவ்வழியே வந்தனர். கட்டட வேலை நின்றுபோனதால் வாளாகிடந்த உணவு வண்டிகள் அவர்கட்குக் கிடைத்தன. இவ்வாறே உலகத் தெருவுணவு அமெரிக்க நகரங்களில் உருண்டோடலாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஏழையின் வண்டி நின்றபோது அது தெருவுக்கு இடையூறு எனப்பட்டது. படித்தவனின் வண்டி நின்றபோது அது நகருக்கு அழகு எனப்பட்டது. அடுப்பு ஒன்றே, அடை ஒன்றே, தெருவும் ஒன்றே. பார்த்த கண்களே வேறு. இதனைச் சொல்லுங்கால் இராய் சோயைக் குறைகூறுதல் முறையன்று. அவரும் குடியேறியோர் குடும்பத்துப் பிள்ளையே. தாக்கோ வண்டிக்காரர் இட்ட பாதையிலேயே அவர் வண்டி ஓடிற்று. குறை அவரிடத்தன்று, ஒரே தொழிலைச் செய்வானின் நிறத்தையும் உடையையும் நோக்கி இருவேறு அளவுகோல் கொள்ளும் ஆட்சியிடத்தேதான் உள்ளது. நடைபாதையிற் கூடையும் தள்ளுவண்டியும் வைத்து விற்போரைக் குற்றவாளிகளாக நடத்தலாகாது என்னும் சட்டம் கலிபோர்னியாவில் 2018இல் தான் பிறந்தது. 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. தமாலே வண்டியினின்று அச்சட்டம் வரை வந்துசேர ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று.

நியூயார்க்கு நகரத்தின் கதை வேறு வகையானது. ஆங்கு வண்டி வைப்பதற்கான உரிமங்களின் எண்ணிக்கைக்கு 1983இல் வரம்பு கட்டப்பட்டது. நகரம் பெருகிற்று, வந்து குடியேறியோர் பெருகினர், உரிமம் மட்டும் பெருகவில்லை. அதனால் விளைந்தது யாது? அரசுக்குச் செலுத்தவேண்டிய கட்டணம் சில நூறு தாலர். உரிமத்தைக் கையில் வைத்திருப்பவர்க்குக் கள்ளவாடகையாகக் கொட்டவேண்டியது இருபதினாயிரம் தாலருக்கும் மேல் என்னும் நிலை வந்தது. அடுப்பின் முன் நின்று வேர்ப்பவன் ஒருவன். வீட்டில் அமர்ந்து வாங்குபவன் இன்னொருவன். 2021இல் தான் ஆண்டுதோறும் 445 புதிய உரிமங்கள் எனப் பத்தாண்டுகட்கு வழங்குவதற்குச் சட்டம் செய்தனர். உரிமம் குறைந்தால் ஒழுங்கு வளரும் என்று எண்ணுவார்க்கு அந்நகரம் ஒரு பாடம். உரிமம் குறைந்தால் வளர்வது ஒழுங்கன்று, இடைத்தரகே.

அத்தகைய நகரத்தில்தான், யாழ்ப்பாணத்தினின்று சென்ற தமிழர் ஒருவர், வாசிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் தோசை வண்டி வைத்தார். பாலும் நெய்யும் முட்டையும் சேராத தமிழ்த் தோசையை அமெரிக்க மாணவர்க்கும் பேராசிரியர்க்கும் சுட்டுத் தந்தார். 2007இல் அந்நகரின் தலைசிறந்த தெருவுணவு வணிகர்க்குரிய வெண்டிப் பரிசு அவர்க்குக் கிடைத்தது. இதில் கருதத்தக்க செய்தி பரிசன்று, பெயர். அவர் தோசைக்கு வேறு பெயர் சூட்டவில்லை. அரிசியடை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஏதேனும் ஒன்றை எழுதி வாங்குவோரை வயப்படுத்த எண்ணவில்லை. தோசை என்னும் சொல்லையே வண்டியின் பெயரிலும் நிறுத்தினார். அந்நகரத்து வெள்ளையரும் கருப்பரும் சீனரும் நாத்திருத்தி அச்சொல்லைச் சொல்லியே வாங்கி உண்டனர். ஈழத்தினின்று சிதறிய தமிழர் கனடாவின் தொராண்டோவில் கொத்து உரொட்டியைக் கொண்டுசென்ற வரலாறும் அத்தகையதே. வீடும் நிலமும் இழந்து சென்றவர்கள் சொல்லை இழக்கவில்லை.

உணவுந்துகட்கு எதிராகக் கூறப்படும் மாற்றுரைகளையும் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். கட்டடத்தில் உணவகம் நடத்துவோர், தாம் வாடகையும் வரியும் செலுத்துவதாகவும், வண்டிக்காரன் வந்து நின்று தம் வாணிகத்தைப் பறிப்பதாகவும் முறையிடுகின்றனர். அம்முறையீட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் வண்டிக்காரனும் எரிபொருளும் பழுதுபார்ப்பும் உரிமக் கட்டணமும் ஆகிய செலவுகளைச் சுமக்கின்றான்; மழை பெய்தால் அவன் வாணிகம் அன்றோடு முடிந்தது. இனித் தூய்மை பற்றிய அச்சம். கழிவுநீரைத் தெருவில் கொட்டுவதும், கைகழுவ நீரின்றி உணவைத் தொடுவதும், எரிவளி உருளைகளைக் காவலின்றி வைப்பதும் கண்டிக்கத்தக்கனவே. அவற்றிற்கு மருந்து வண்டியை ஓட்டுவதன்று. நீரும் வடிகாலும் தந்து, ஆய்வும் செய்து, தவறியவனை மட்டும் ஒறுத்தலே. கட்டடத்துள் இருக்கும் அடுக்களை யாவும் தூயன என்று எவரும் உறுதி கூறமுடியாது. கதவு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டியில் சமைப்பவனோ உண்பவனின் கண்முன் சமைக்கின்றான்.

நிலத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் போர்த்துலாந்து நகரில் வண்டிகள் ஓடித்திரியாமல், வெற்று மனைகளில் கூட்டமாக நின்று உலக உணவுகளை விற்பது வழக்கம். நகர நடுவே அத்தகைய புகழ்பெற்ற மனை ஒன்றில் வானளாவிய விடுதி எழுப்பும்பொருட்டு 2019இல் வண்டிகள் யாவும் வெளியேற்றப்பட்டன. ஈராண்டு கழித்தே ஒரு பகுதியினர்க்கு வேறிடம் கிட்டிற்று. வண்டிகளால் அவ்விடம் பெயர்பெற்றது, பெயர்பெற்றதால் விலையேறிற்று, விலையேறியதால் வண்டிகள் விரட்டப்பட்டன. புற்றைக் கட்டியது கறையான், குடிபுகுந்தது பாம்பு.

இவற்றினின்று வேறுபட்ட வழியைச் சிங்கப்பூர் காட்டிற்று. தெருவெல்லாம் பரவியிருந்த உணவு வணிகரை அந்நாட்டரசு அடித்து விரட்டி அவ்வளவில் நின்றுவிடவில்லை. 1971 முதல் 1986 வரை நீர், மின்சாரம், வடிகால், கழிப்பிடம் ஆகியவற்றோடு கூடிய கூரைகளை எழுப்பி, அவ்வணிகரை அவற்றுட் குடியமர்த்திற்று. சீனரும் மலாயரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அடுப்பு மூட்டினர். அவ்வுணவு வாழ்வியல் 2020இல் யுனெசுகோவின் மன்பதை மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகலின் அக்கூரைகட்கு உணவங்காடி நிலையம் என்னும் நல்ல தமிழ்ப்பெயரே அரசின் ஏடுகளில் வழங்குகின்றது. ஆயினும் ஆங்கும் குறை இல்லாமலில்லை. அடுப்படியில் நின்றோர் முதுமையடைந்தனர். அவர்தம் இடத்திற்கு வரும் இளையோர் குறைவு. அரசு கூரையைத் தரலாம். கைப்பக்குவத்தைத் தலைமுறைதான் தரவேண்டும்.

தமிழகத்திற்கு இஃதெல்லாம் புதியதா? சிலப்பதிகாரக் காலத்துப் புகாரின் தெருக்களில் பிட்டு விற்ற காழியரும் அப்பம் சுட்ட கூவியரும் இருந்தனர். தொழிலால் அவர்கட்குப் பெயரிட்டு, அரசரும் வணிகரும் வாழ்ந்த தெருக்களைப் பாடிய நூலிலேயே அவர்க்கும் இடந்தந்தனர் முன்னோர். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகின்றது. பகலங்காடிக்கு ஒரு பெயரும் இரவங்காடிக்கு ஒரு பெயரும் வைத்த இனத்திற்குத் தெருவுணவு பற்றி மேலையர் வந்து சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை.

பிறநாட்டுத் தெருவுணவும் தமிழகத்திற்கு நேற்று வந்ததன்று. 1962இல் பருமாவில் படையாட்சி ஏற்பட்டபின், ஆங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் தம் கடைகளையும் உடைமைகளையும் இழந்து கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்தருகே அவர்தம் அங்காடி 1969இல் உருவாயிற்று. அவர்கள் கையோடு கொண்டுவந்தது அத்தோ. மாவிழைகளோடு முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கையாற் பிசைந்து தரும் அவ்வுணவு, தள்ளுவண்டிகளில் ஏறிச் சென்னையின் உணவாகவே ஆகிவிட்டது. அவ்வண்டிகளைச் செய்தித்தாள்கள் புதுமை என்று கொண்டாடவில்லை. வண்ண விளக்குகளும் அவற்றிற்கில்லை. ஆனால் தமிழெழுத்தில் அத்தோ என்று எழுதிவைத்து, உழைப்பாளி வாங்கும் விலைக்கு விற்றனர். உண்மையான உலகத் தெருவுணவு என்பது அதுவே. வாழ்வை இழந்த மக்கள் வாழ்வை மீட்டுக்கொண்ட வழி அது.

அத்தகைய எளியவர்க்குக் காவலாகச் சட்டமும் இல்லாமலில்லை. தெருவில் வணிகம் செய்தல் தொழிலுரிமையின்பாற் படும், அஃது ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என்று 1989இலேயே இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் தெருவோர வணிகர் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வணிகரைக் கணக்கெடுத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றுதல் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மர்க்குக் குறையாமல் வணிகரின் பேராளர் இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒருபங்கினர் பெண்டிராதல் வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகின்றது. ஏட்டில் இவ்வளவும் உள. ஆயினும் வண்டியைக் கவிழ்த்து, பாத்திரத்தைப் பறித்துச் செல்லும் காட்சி தெருவினின்று மறைந்துவிடவில்லை. இட்டலி விற்கும் கைம்பெண்ணுக்கு அச்சட்டத்தின் பெயரேனும் தெரியுமா? தெரியாத உரிமை, இல்லாத உரிமையே. அவளுக்கு அதனைத் தெரிவிப்பது படித்த தமிழரின் கடன்.

புதிய உணவுந்து ஒன்று பல இலக்க உரூபா முதலில் வண்ணந்தீட்டி வருங்கால் அதற்கு வழிவிடும் அலுவலர், தள்ளுவண்டிக்கு வழிவிடாரெனின், இலாசு ஏஞ்சல்சில் நடந்த அநயன்மையே இங்கும் நடக்கின்றது என்பது பொருள். உணவுந்து வரட்டும், வேண்டா என்பார் இல்லை. ஆனால் உணவுந்துக்கு எந்த உரிமையோ அந்த உரிமை தள்ளுவண்டிக்கும் கூடைக்காரிக்கும் வேண்டும். ஒழுங்குமுறையும் அவ்வாறே ஒன்றாதல் வேண்டும்.

இனி இரண்டாம் வினாவாகிய பெயருக்கு வருவோர், பிறநாட்டு உணவையே வெறுத்தொதுக்க வேண்டும் என்பது தனித்தமிழ்க் கொள்கையெனத் தவறாகக் கருதுதல் கூடாது. மொழித்தூய்மை வேறு, நாக்கட்டுப்பாடு வேறு. மிளகாய் தமிழகத்திற் பிறந்ததன்று. அஃது அமெரிக்கக் கண்டத்தின் செடி. மேலையர் கப்பல்கள் வழியே வந்தது. அது வந்தபோது தமிழன் அதன் பிறநாட்டுப் பெயரைக் கடன்வாங்கவில்லை. மிளகைப் போற் காரும் காய் என்று கண்டு மிளகாய் என்றான். நிலத்தடியில் விளைந்ததை நிலக்கடலை என்றான். உருண்டிருந்ததை உருளைக்கிழங்கு என்றான். தாக்கோவிற்கு மாவாகும் சோளத்திற்கும் தன்னிடமிருந்த சோளம் என்னும் சொல்லையே நிலையாக வைத்து அடைமொழி சேர்த்தான். மணத்தக்காளியை முன்பே அறிந்தவன் புதுப்பழத்திற்கும் தக்காளி என்னும் பெயரையே நீட்டினான். உணவை வாங்கிக்கொண்டான்; பெயரைத் தானே வைத்தான். அவ்வாறு செய்தவர் புலவரல்லர். உழவரும் சந்தைப் பெண்டிருமே. எழுத்தறியாத அவர்கட்கிருந்த சொல்லாக்க வன்மை, பட்டம் பெற்ற இன்றையோர்க்கு எங்குப் போயிற்று?

உணவு கலத்தல் தாழ்வன்று. மெக்சிக்கோவின் புகழ்பெற்ற தாக்கோ வகை ஒன்று, லெபனானினின்று குடியேறியோர் கொண்டுவந்த, கம்பியிற் செங்குத்தாகக் கோத்து இறைச்சி சுடும் முறையினின்று பிறந்தது. முறை அயலாருடையது, மெக்சிக்கர் அதற்குத் தம் மொழியிற் பெயரிட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டனர். தமிழ்ச்சொற்களும் உணவோடு உலகு சுற்றியுள்ளன. கறி என்னும் சொல் ஆங்கிலத்துட் புகுந்து உலகெங்கும் வழங்குகின்றது. மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயன் நாவில் திரிந்தாலும் தமிழ்ச்சொல்லாகவே அவன் அகரமுதலியில் அமர்ந்தது. கஞ்சியும் அவ்வாறே சென்றது. உலகம் தமிழ்ப்பெயரைச் சொல்லக் கூசவில்லை.

கூசுகின்றவன் தமிழனே. வாசிங்டன் சதுக்கத்தில் வெள்ளையன் தோசை என்கின்றான். சென்னையிலோ தமிழன் தன் சோற்றைச் சோறு என்று சொல்ல நாணி 'ரைசு' என்கின்றான். தயிர்ச்சோறு 'கர்டு ரைசு' ஆயிற்று. எலுமிச்சைச் சோறு 'லெமன் ரைசு' ஆயிற்று. வெங்காய ஊத்தப்பம் 'ஆனியன் ஊத்தப்பம்' ஆயிற்று. கோழி 'சிக்கன்' ஆகவும் முட்டை 'எக்' ஆகவும் மாறின. இவையெல்லாம் அயல்நாட்டு உணவுகளா? பாட்டி சமைத்தவை, பெயர்த்தி பெயர்மாற்றியவை. அவற்றைச் சுமந்து வரும் புதிய உணவுந்துகளின் நெற்றியிலும் விலைப்பட்டியலிலும் தமிழெழுத்து ஒன்றேனும் காணப்படாத நிலையும் உண்டு. தமிழகத்தில் கடைப்பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக விளங்கவேண்டும் என்னும் அரசு நெறிமுறை முன்பே உள்ளது. உருளை பூட்டிய கடைக்கு மட்டும் அவ்வுணர்வு வேண்டாவா?

செய்யத்தக்கவை எளியன. தாக்கோ, கிம்ச்சி போன்ற பெயர்கள் அவ்வம் மக்களின் உடைமைகள். அவற்றைத் தமிழ் ஒலிக்கேற்பத் தமிழெழுத்தில் எழுதுக. பக்கத்தில் அஃது இன்னது என்று ஒரு வரி தமிழில் விளக்குக. பிறர் பெயரை மதிப்பதும் தன் பெயரைக் காப்பதும் ஒரே பண்பின் இரு முகங்கள். சோறும் குழம்பும் கோழியும் முட்டையும் தமிழ்ப்பெயராலேயே எழுதப்படுக. வாங்குவோரும் தமிழிலேயே கேட்டு வாங்குக. கேட்பவன் தமிழிற் கேட்டால் விற்பவன் தமிழில் எழுதியே தீர்வான். வாணிகம் என்றும் வாங்குவோரின் வாயைப் பார்ப்பது. நகராட்சிகள் உரிமம் வழங்குங்கால் தமிழ்ப்பெயர்ப் பலகையை ஒரு கட்டுப்பாடாக வைக்கலாம். தள்ளுவண்டிக்காரர்க்கு அப்பலகையை இலவயமாகவே எழுதித் தரலாம். அது பெருஞ்செலவன்று.

தெரு எளியவனுக்கு மறுக்கப்படும்போது அவன் வயிறு காய்கின்றது. பெயர் ஓர் இனத்திற்கு மறக்கப்படும்போது அதன் வேர் காய்கின்றது. முன்னதை ஆட்சியாளர் செய்கின்றனர் என்று பழிசொல்லலாம். பின்னதைத் தமிழனே செய்துகொள்கின்றான். கப்பலேறி வந்த மிளகாய்க்குப் பெயர்வைத்த இனம், கண்முன் வேகும் சோற்றின் பெயரை இழந்து நிற்றலாகாது. உலக உணவுகள் யாவும் தமிழகத் தெருக்களில் உருண்டு வரட்டும்; அவற்றை அன்போடு வரவேற்றுத் தமிழெழுத்தில் பெயரெழுதித் தமிழர் உண்ணட்டும். அவற்றின் பக்கத்திலேயே இட்டலிக்காரியின் அடுப்பும் அச்சமின்றி எரியட்டும்.